கடல் கடக்கும் மூத்த ஆசிரியர்



சங்கப் பாடல்களின் நயம் கேட்க வந்தோர் என்னைப் பொறுத்தருள வேண்டும். இவ்வட்டத்தின் உறுப்பினருள் பெரும்பாலோர் ஆசிரியர்கள். அவர்களுள் ஐம்பதைக் கடந்தோர் பலர். கூட்டம் முடிந்து தேநீர் அருந்தும் வேளையில், "இந்த வயதில் வெளிநாட்டில் ஆசிரியப்பணி கிடைக்குமா?" என்ற வினா தணிந்த குரலில் எழுவதைப் பன்முறை கேட்டிருக்கிறேன். அதனை இன்று அவையில் வைக்க விரும்புகிறேன்.

பிரிவினை வகைப்படுத்திய தொல்காப்பியர் ஓதல், பகை, தூது, காவல், பொருள் எனக் காரணம் பல கூறினார். ஓதற்குப் பிரிவோன் உண்டு. ஓதுவித்தற்குப் பிரிவோன் தனியே சொல்லப்பெறவில்லை. கடல்வழிச் செலவில் மகளிரை உடன்கொண்டு செல்லும் வழக்கம் இல்லை என்றும் ஒரு நூற்பாவுக்குப் பொருள் உரைப்பர். இன்றோ, கற்பிக்கும்பொருட்டு ஐம்பத்தைந்து வயதுப் பெண்ணொருத்தி தனியே கடல் கடக்க எண்ணுகிறாள். இந்தப் பிரிவுக்கு இலக்கணம் வகுக்கும் பொறுப்பு நம்முடையது.

முன்னோர் வரலாறு நமக்குத் துணிவு தருகிறது. தனிநாயக அடிகள் 1913 இல் பிறந்தவர். இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கல்வித்துறை விரிவுரையாளராகப் பணியாற்றியபின், 1961 இல் மலாயாப் பல்கலைக்கழக இந்தியவியல் துறைக்குத் தலைமையேற்கச் சென்றார். அப்போது அவருக்கு வயது நாற்பத்தெட்டு. 1964 இல் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் புதுதில்லியில் தோன்றியதும், 1966 இல் முதல் மாநாடு கோலாலம்பூரில் கூடியதும் அதன் பின்னரே. பல நாட்டு அறிஞரோடு அவர் ஆண்டுக்கணக்கில் வளர்த்த உறவன்றோ அம்மாநாடாக மலர்ந்தது! இந்திரா பார்த்தசாரதி அவர்கள் 1930 இல் பிறந்தவர். தில்லியில் பேராசிரியராய் இருந்தவர் 1981 இல் போலந்தின் வார்சாப் பல்கலைக்கழகத்திற்கு வருகைதரு பேராசிரியராகச் சென்றார். அவ்வாண்டு டிசம்பரில் அந்நாட்டில் இராணுவச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஐம்பதைக் கடந்த ஆசிரியர் அக்குளிரிலும் கெடுபிடியிலும் 1986 வரை பணியாற்றினார். 'ஏசுவின் தோழர்கள்' என்னும் புதினம் அந்த வாழ்வின் பயன்.

இவர்கள் பெயர்பெற்றோர். பெயர் தெரியாதோர் இவரினும் பலர். நைஜீரியா 1976 இல் அனைவர்க்கும் தொடக்கக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியபோது, ஆசிரியர் தட்டுப்பாட்டால் இந்தியரைப் பெருமளவில் அழைத்தது. நம்மூர்க் கணித, அறிவியல் ஆசிரியர் பலர் அங்குச் சென்றனர். 1980களில் எண்ணெய் விலை சரிந்து அந்நாட்டு நாணயமும் வீழவே, திரும்பியோர் பலர். அழைக்கும் நாட்டின் தேவை ஓய்ந்தால் அழைப்பும் ஓயும் என்பது அன்றே கண்ட பாடம்.

இனி வயதைப் பற்றி. "வயதாகிவிட்டது" என்று நாமே சொல்லிக்கொள்வது வேறு. சட்டம் சொல்வது வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்வோரே மிகுதி. ஆஸ்திரேலியாவின் திறன்சார் நிரந்தரக் குடியேற்றத்திற்கு 45 வயது பெரும்பாலும் வரம்பாகும். நியூசிலாந்தின் திறன்சார் வதிவுரிமைக்கு 55. வளைகுடாப் பள்ளிகள் பல அறுபதை எல்லையாகக் கொள்ளும். இங்கிலாந்தின் பணி நுழைவிசைவுக்கோ உச்ச வயது இல்லை; தகுதிபெற்ற ஆசிரியர் என்னும் நிலைக்கு அங்கிருந்தபடியே விண்ணப்பிக்கும் வாயிலை 2023 இல் கணிதம், அறிவியல், மொழிகள் கற்பிக்கும் இந்திய ஆசிரியர்க்கும் திறந்துவிட்டார்கள். அமெரிக்காவின் ஆசிரியர் பரிமாற்றத் திட்டத்திலும் உச்ச வயது குறிக்கப்படவில்லை. பட்டமும் ஈராண்டு அனுபவமும் வேண்டும், மூன்றாண்டு தங்கலாம், பின்னும் நீட்டிக்க இடமுண்டு. ஆகவே நாற்பத்தாறில் மூடப்படும் கதவும் உண்டு, ஐம்பத்தெட்டில் திறந்திருக்கும் கதவும் உண்டு. தமிழ்நாட்டரசு ஓய்வு வயதை 2020 இல் 59 ஆகவும், 2021 இல் 60 ஆகவும் உயர்த்தியது. ஓய்வுக்குப் பின் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருப்போர்க்கு அந்த ஈராண்டில் சில கதவுகள் அடைபட்டன என்பதையும் நினைவிற் கொள்க.

தமிழாசிரியர் நிலை தனித்தது, கசப்பானதும்கூட. மலேசியாவில் ஐந்நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள. ஆயினும் அங்குக் கற்பிப்போர் அந்நாட்டில் பயின்ற அந்நாட்டுக் குடிமக்களே. சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழி எனினும் ஆசிரியர்க்கு அங்குத் தனிப் பயிற்சி உண்டு. ஐரோப்பாவிலும் கனடாவிலும் ஈழத்தமிழர் வார இறுதியில் நடத்தும் தமிழ்ப் பள்ளிகள் அன்பினால் இயங்குவன, பிழைப்புக்குரியன அல்ல. பல்கலைக்கழக இருக்கைகளோ விரல்விட்டு எண்ணத்தக்கவை. ஹார்வர்டு தமிழ் இருக்கைக்கான அறுபது இலட்சம் டாலர் 2018 இல் நிறைவுற்றபோது நாம் மகிழ்ந்தோம். மகிழ்ந்தோருள் அங்குப் பணி எதிர்நோக்கத்தக்கோர் எத்தனை பேர்? என் கருத்தில், ஐம்பதைக் கடந்த தமிழாசிரியர் ஆங்கிலவழி கற்பிக்கும் தேர்ச்சியையும், தமிழைப் புதிதாகக் கற்போர்க்குக் கற்பிக்கும் முறையையும் பெறாமல் விண்ணப்பிப்பது வீண். யாப்பருங்கலம் வல்லவர்க்கும் தமிழ் எழுத்தறியாத இருபது வயது மாணவனுக்கு 'நான் வந்தேன்' கற்பித்தல் எளிதன்று.

அடுத்தது சான்றிதழ். பெண்களுக்கு இதில் ஒரு தனி இடர். பட்டச் சான்றிதழில் தந்தையின் தலைப்பெழுத்து. திருமணத்திற்குப் பின் எடுத்த கடவுச்சீட்டில் கணவர் பெயர். பணிப்பதிவேட்டில் இரண்டும் கலந்த ஒன்று. நமக்கு அது ஒருவர் பெயரே. அயல்நாட்டு அலுவலர்க்கோ மூன்று பெண்கள்! எனக்குத் தெரிந்த இயற்பியல் ஆசிரியை ஒருவர், முப்பதாண்டு அனுபவம் உடையவர், இவ்வொரு எழுத்தினால் ஏழு மாதம் அலைந்தார், பணியிடமும் கைநழுவிற்று. ஆகவே அரசிதழில் பெயர் மாற்றத்தை வெளியிட்டு முன்னதாகவே ஒருமைப்படுத்திக்கொள்ள வேண்டும். பணி அனுபவச் சான்றுகளைச் சேர்ந்த நாள், விலகிய நாள் குறித்துப் பெறுக; பழைய பள்ளி மூடப்பட்டபின் எவரிடம் கேட்பது? இந்தியா 2005 இல் அப்போஸ்டில் உடன்பாட்டில் சேர்ந்தமையால், அதில் உள்ள நாடுகளுக்கு மாநில அரசின் சான்றொப்பமும் வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரையும் போதும். சேராத நாடுகளுக்குத் தூதரகத்தின் ஒப்பமும் வேண்டும்.

முகவர்களிடம் விழிப்பாய் இருத்தல் வேண்டும். ஓய்வூதியப் பணம் கையில் உள்ள மூத்தோரைத் தேடி வருவோர் உண்டு. 1983 ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்ற முகவரே ஆள் சேர்க்கலாம். அவர் பெறத்தக்க உச்சக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்குரிய வரியுமே. இலட்சங்கள் கேட்பவரிடம் பதிவெண்ணைக் கேளுங்கள். பேச்சு அப்போதே முடிந்துவிடும். 1978 முதல் இயங்கும் தமிழ்நாட்டரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் அணுகத்தக்கது.

ஒப்பந்தம் கைக்கு வந்ததும் ஊதியத்தை மட்டும் பார்த்தல் கூடாது. மருத்துவக் காப்பீடு நம் வயதுக்குப் பொருந்துமா, முன்பே உள்ள நீரிழிவும் இரத்த அழுத்தமும் அதில் அடங்குமா, இடையில் விலகினால் திரும்புவழிச் செலவு யாருடையது என்று எழுத்தில் கேட்டு, எழுத்தில் விடை பெறுக.

அனுபவச் சான்றின் மாதிரிப் படிவமும் அரசிதழ் விண்ணப்பமும் சில படிகள் கொண்டுவந்துள்ளேன். வேண்டுவோர் நிகழ்ச்சி முடிவில் பெற்றுக்கொள்ளலாம்.