கூட்டு மருந்தும் கூடி நின்றவர்களும்

எச்.ஐ.வி. என்னும் நுண்கிருமி இந்தியாவில் இருப்பது 1986ஆம் ஆண்டு சென்னையில்தான் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் முயன்று திரட்டிய இரத்த மாதிரிகளை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் சோதித்தபோது அந்த உண்மை வெளிப்பட்டது. அன்று இந்நோய்க்கு இங்கே மருந்து இல்லை. அச்சம் மட்டுமே இருந்தது.

நம் உடலின் நோய் எதிர்ப்பைத் தாங்கி நிற்கும் சிடி4 என்னும் வெள்ளணுக்களுக்குள் புகுந்து, அவற்றையே தன் பட்டறையாக்கிப் பெருகி, இறுதியில் அவற்றை அழிப்பது இந்தக் கிருமியின் இயல்பு. ஒரே மருந்தைக் கொடுத்தால் அதற்கு விரைவில் பழகிவிடுவதால், கிருமி பெருகுவதைத் தடுக்கும் மூன்று மருந்துகளை ஒருசேரக் கொடுக்கும் முறை 1996 அளவில் மேலை நாடுகளில் நடைமுறைக்கு வந்தது, ஏ.ஆர்.டி. கூட்டு மருந்து சிகிச்சை எனப்படுவது இதுவே. இது கிருமியை அடியோடு ஒழிப்பதில்லை, பெருகவிடாமல் அடக்கிவைக்கிறது. ஆகையால் வாழ்நாள் முழுவதும் உட்கொள்ள வேண்டும்.

அந்தச் சிகிச்சைக்கு அப்போது ஓர் ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கும் மேல் செலவாயிற்று. 2001இல் மும்பையைச் சேர்ந்த சிப்லா நிறுவனம், எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்கு ஆண்டுக்கு 350 டாலருக்குக் கூட்டு மருந்தைத் தர முன்வந்தபோது உலகமே வியந்தது. ஆயினும் இந்தியாவின் கூலித் தொழிலாளிக்கு அந்த விலையும் எட்டாததாகவே இருந்தது. அரசு மருத்துவமனைகளில் இலவச சிகிச்சை தொடங்கியது 2004 ஏப்ரல் முதல் நாள். தொடக்க மையங்களுள் தாம்பரம் சானடோரியம் மருத்துவமனையும் ஒன்று.

இதற்குள், தொற்றுள்ளோர் தாமே ஒன்றுகூடத் தொடங்கியிருந்தார்கள். 1997இல் எச்.ஐ.வி. உள்ளோருக்கான இந்தியக் கூட்டமைப்பும், அடுத்த ஆண்டு பெண்களுக்கெனத் தனியாக ஒரு கூட்டமைப்பும் சென்னையில் பிறந்தன. பெண்களுக்குத் தனி அமைப்பு ஏன் வேண்டியிருந்தது என்று நேயர்கள் கேட்கலாம். கணவரிடமிருந்து தொற்றைப் பெற்று, அவர் இறந்தபின் பழியையும் தாமே சுமந்து, புகுந்த வீட்டில் சொத்துரிமையையும் இழந்து நின்ற இளம் கைம்பெண்களின் துயரம், ஆண்கள் நிறைந்த கூட்டங்களில் பேசித் தீரக்கூடியதாக இருக்கவில்லை.

இக்கூட்டமைப்புகளின் பணிகளுள் மிகப் பெரியதும், மக்கள் மிகக் குறைவாக அறிந்ததும் காப்புரிமை அலுவலகங்களில் நடந்தது. காப்புரிமை என்பது ஒரு பொருளைச் செய்து விற்கும் உரிமையைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒரே நிறுவனத்துக்கு அளிப்பது. 2005இல் இந்தியா தன் சட்டத்தைத் திருத்தி மருந்துப் பொருள்களுக்கும் அதை வழங்க இசைந்தது; எனினும், பழைய மருந்தின் புதிய வடிவத்துக்கு நோய் தீர்க்கும் திறன் கூடியிருந்தாலன்றிக் காப்புரிமை இல்லை என்றும், விண்ணப்பம் ஏற்கப்படுவதற்கு முன்பே எவரும் எதிர்ப்பு தெரிவிக்கலாம் என்றும் அதே சட்டம் விதித்தது. ‘எவரும்’ என்பதில் மருந்து உண்பவரும் அடங்குவர் அல்லவா? இதைத்தான் கூட்டமைப்பினர் வழக்கறிஞர்களின் துணையோடு பற்றிக்கொண்டனர். சிடோவுடின், லாமிவுடின் என்னும் இரண்டு மருந்துகளை ஒரே மாத்திரையாக்கிய காம்பிவிர் என்பதற்கு கிளாக்ஸோ நிறுவனம் உரிமை கோரியபோது, அறியப்பட்ட இரண்டைக் கலப்பது கண்டுபிடிப்பாகாது என்று 2006இல் இந்தியக் கூட்டமைப்பும் மணிப்பூர்க் கூட்டமைப்பும் எதிர்ப்பு மனு அளித்தன. அவ்வாண்டே அந்த விண்ணப்பம் திரும்பப் பெறப்பட்டது. டெனோஃபோவிர் என்னும் மருந்தின் உப்பு வடிவத்துக்கு கிலியட் நிறுவனம் கேட்ட உரிமையும், தில்லிக் கூட்டமைப்பு உள்ளிட்டோர் எதிர்த்ததன் பின் 2009இல் மறுக்கப்பட்டது. வளரும் நாடுகளில் வழங்கப்பட்ட எச்.ஐ.வி. மருந்துகளில் பெரும்பகுதி இந்தியத் தொழிற்சாலைகளில் உருவானவை என்பதால், இந்த மனுக்களின் பயன் ஆப்பிரிக்கச் சிற்றூர்களையும் எட்டியது. மருத்துவ வரலாற்றில் நோயாளிகள் இத்துணை அறிவோடும் துணிவோடும் தம் மருந்துக்காக வாதாடிய நிகழ்வுகள் அரியவை.

இன்று ஏ.ஆர்.டி. மையத்தில் வழங்கப்படும் குப்பியில் இருப்பது அதே டெனோஃபோவிரும், லாமிவுடினும், டோலுடெக்ராவிர் என்னும் புதிய மருந்தும் சேர்ந்த, நாளுக்கு ஒன்றாக உண்ணும் மாத்திரை. மருந்து வாங்க வருபவர் மீதமுள்ள மாத்திரைகளைக் குப்பியோடு கொண்டுவர வேண்டும். ஆலோசகர் அவற்றை மேசைமீது கொட்டி எண்ணுவார். இருக்க வேண்டியதைவிட ஐந்தாறு கூடுதலாக இருந்தால் அங்கே ஒரு கேள்வி எழும். அதற்கு மறதி விடையாக வருவது குறைவு. கூட்டுக் குடும்பத்தில் மாமியார் கண்ணில் படாமல் மாத்திரை விழுங்க இடமில்லாமை, வேறூரில் கட்டட வேலைக்குப் போன இடத்தில் மருந்து தீர்ந்தமை, விடுப்பு கேட்டால் காரணம் சொல்ல நேருமே என்னும் தயக்கம் என்பவையே அடிக்கடி வெளிப்படும் காரணங்கள். தெரிந்தவர் யாரேனும் பார்த்துவிடுவாரோ என்று அஞ்சி, அருகிலுள்ள மையத்தைக் கடந்து அடுத்த மாவட்டத்துக்குப் பேருந்து ஏறுவோரும் உண்டு. இத்தகைய தடைகளை, தாமும் அதே மாத்திரையை உண்ணும் ஒருவர் பக்கத்தில் அமர்ந்து பேசித் தீர்ப்பதுபோல் வேறெவராலும் தீர்க்க இயலாது. 2020ஆம் ஆண்டின் ஊரடங்கில், மருந்து பெற வர இயலாதோரின் வீடுவரை அதைக் கொண்டு சேர்க்கவும் இத்தகையோர் பலர் முன்வந்தனர்.

முறையாக மருந்துண்பவரின் இரத்தத்தில், வைரஸ் அளவுப் பரிசோதனையில் புலப்படாத அளவுக்குக் கிருமி குறைந்து அந்நிலையே நீடிக்குமானால், பாலுறவின் வழியே அது பிறருக்குப் பரவுவதில்லை என்பது அறிவியல் உறுதிசெய்துள்ள செய்தி. உரிய சிகிச்சை பெறும் தாய்மார் பெரும்பாலும் தொற்றில்லாத குழந்தைகளைப் பெறுகிறார்கள். ஒன்றாக உண்பதாலோ, தொடுவதாலோ, ஒரே கழிவறையைப் பயன்படுத்துவதாலோ இது தொற்றுவதில்லை.

2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம், தொற்றைக் காரணம் காட்டி வேலையோ கல்வியோ வாடகை வீடோ மறுப்பதைத் தடைசெய்கிறது. சோதித்துப் பார்க்க நினைப்போர் அரசு மருத்துவமனைகளிலுள்ள நம்பிக்கை மையத்துக்குச் செல்லலாம். சோதனை இலவசம், முடிவு மறைவாகவே வைக்கப்படும். ஐயம் எதுவாயினும் 1097 என்னும் கட்டணமில்லா எண்ணை அழைத்துக் கேளுங்கள். உங்கள் தெருவில் ஒருவர் மாதந்தோறும் மருந்து வாங்கச் செல்வதை நீங்கள் அறியவந்தால், அச்செய்தியை வேறெவரிடமும் சொல்லாதீர்கள்; அவருக்குத் துணை தேவைப்படும் நாளில் உடன் செல்லுங்கள்.