தின்னக் கிடைத்த பேய்



பூச்சாண்டி காட்டிக் குழந்தைக்குச் சோறூட்டுவதை நாம் அறிவோம். பூச்சாண்டியையே பண்டமாகச் செய்து, குழந்தையின் கையில் கொடுத்துத் தின்னச் சொல்லும் நாள் ஒன்று மேலை நாடுகளில் உண்டு. அக்டோபர் 31ஆம் நாள் இரவில் கொண்டாடப்பெறும் ஹாலோவீன்தான் அது. அந்நாளின் தின்பண்டங்களைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

நவம்பர் 1 கிறித்தவர்க்குப் புனிதர் அனைவரின் திருநாள். நவம்பர் 2 இறந்தோர் அனைவரையும் நினைக்கும் நாள். இவற்றையொட்டி மாண்டோர் இவ்வுலகுக்கு வந்து செல்வர் என்பது பழைய நம்பிக்கை. அயர்லாந்து மக்கள் உலர்ந்த திராட்சை சேர்த்த ரொட்டிக்குள் மோதிரம், நாணயம், கந்தல் துணி ஆகியவற்றை மறைத்துச் சுட்டனர். மோதிரம் கிடைத்தவர்க்குத் திருமணம். நாணயம் கிடைத்தவர்க்குச் செல்வம். கந்தல் கிடைத்தவர்க்கு வறுமை! மெக்சிகோவில் சர்க்கரையால் மண்டையோடு வார்த்து, அதன் நெற்றியில் பெயரும் எழுதுவர். இத்தாலியின் சிசிலித் தீவிலோ, இறந்த முன்னோரே இரவில் வந்து குழந்தைகளுக்கு இனிப்பு வைத்துச் செல்வதாகச் சொல்வர்.

அமெரிக்காவில் போர்க்காலச் சர்க்கரைப் பங்கீடு 1947இல் நீங்கியது. அதன் பின்னர், சிறுவர் மாறுவேடம் பூண்டு வீடுவீடாகச் சென்று தின்பண்டம் கேட்கும் வழக்கம் அங்கே நாடெங்கும் பரவியது. வீட்டு அடுக்களையிலும் வேடிக்கைகள் பல உண்டு. ஒன்றைச் சொல்கிறேன். வெண்ணெயும் சர்க்கரையும் சேர்த்துப் பிசைந்த மாவை விரல்போல உருட்டுகிறார்கள். கணு வரும் இடத்தில் கத்தியால் கீறுகிறார்கள். தோலுரித்த பாதாம் பருப்பை நுனியில் பதித்தால் அது நகம். சுட்டெடுத்தபின் நகத்தடியில் சிறிது செந்நிறப் பழப்பாகு தடவினால், சூனியக்கிழவியின் விரல் குருதியுடன் தட்டில் கிடக்கும்! முட்டையின் வெண்கருவைச் சர்க்கரையுடன் நுரைக்க அடித்து, கூம்புகளாகப் பிழிந்து, இளஞ்சூட்டில் உலர்த்தினால் வெள்ளைப் பேய்கள் எழும். சாக்லேட் புள்ளி இரண்டு வைத்தால் அவற்றுக்குக் கண்ணும் வந்துவிடும்.

இவற்றால் பயன் என்ன என்று நீங்கள் கேட்கலாம். பேய் வெறும் வெண்கரு என்பதை அதனைச் செய்த சிறுவன் அறிவான். அறிந்தும் சிறிது நடுங்குவான். நடுங்கிய பின் கடித்துத் தின்று சிரிப்பான். அச்சம் தன் கையளவினதே என அவன் உணரும் அந்தக் கணமே பெரும்பயன் என்பது என் கருத்து.

ஆனால், குழந்தைகள் விட்ட அச்சத்தைப் பெரியோர் பற்றிக்கொண்டனர். அறியாதார் தரும் பண்டத்தில் நஞ்சு இருக்கும் என்ற பேச்சு அமெரிக்காவில் பரவியது. 1974இல் டெக்சாஸ் மாநிலத்தில் ஒரு சிறுவன் நஞ்சு கலந்த இனிப்பைத் தின்று மாண்டான். நஞ்சிட்டவன் அயலானல்லன், காப்பீட்டுப் பணத்தை விரும்பிய தந்தையே! ஜோயல் பெஸ்ட் என்னும் சமூகவியல் அறிஞர் 1958 முதல் வெளிவந்த செய்திகளைத் திரட்டி ஆராய்ந்து, 1985இல் தம் முடிவை வெளியிட்டார். அயலார் ஒருவர் வீட்டுவாயிலில் கொடுத்த பண்டத்தால் குழந்தை இறந்ததாக உறுதியான நிகழ்ச்சி ஒன்றையும் அவர் காணவில்லை. எனினும், அண்டை வீட்டார் அன்புடன் சுட்டுத் தந்த பண்டங்களைப் பெற்றோர் ஒதுக்கினர். ஆலைகளில் உறையிட்டு வந்த மிட்டாய்களே அவற்றின் இடத்தைப் பிடித்தன.

அச்சம் வேறு, எச்சரிக்கை வேறு. முழுத் திராட்சையும் முழுப் பருப்பும் சின்னஞ்சிறு குழந்தையின் தொண்டையை அடைத்துவிடக்கூடும். பாதாம் போன்ற பருப்புகள் ஒவ்வாத குழந்தைகளும் உண்டு. இவை மெய்யான இடர்கள். திராட்சையை நீளவாக்கில் நறுக்கிக் கொடுத்தும், ஒவ்வாமை உண்டா என்று முன்பே கேட்டறிந்தும் இவற்றைத் தவிர்க்கலாம். அயலார் அனைவரையும் ஐயுறுவதோ எந்தக் குழந்தையையும் காப்பதில்லை.

இளைஞர்களே, உங்களை ஒரு செய்தி அச்சுறுத்தினால், அது எதனால் செய்யப்பட்டது என்று பிட்டுப் பாருங்கள். உண்மையாயின் காப்புத் தேடுங்கள். வெறும் நுரையாயின், அந்தச் சிறுவனைப் போலவே சிரித்துவிட்டு மேலே செல்லுங்கள்.