விழாக் குப்பையும் வயல் எருவும்



திருவையாற்றில் ஆண்டுதோறும் காவிரிக் கரையில் பந்தலிட்டுத் தியாகராஜர் ஆராதனை நடைபெறுகிறது. நம் ஊர்க் கோயில்களிலும் திறந்த வெளியில் நாகசுரக் கச்சேரிகள் நிகழ்கின்றன. மக்கள் திரளுமிடத்தில் எச்சில் இலையும், வாடிய பூவும், காய்கறித் தோலும் குவிவது இயல்பே. அவற்றை ஆற்றில் தள்ளினால் நீர் கெடும். குழியிலிட்டால் நிலம் கொழிக்கும்.

1924 முதல் 1931 வரை இந்தூரில் பணியாற்றிய ஆல்பர்ட் ஹோவர்ட் அவர்கள் வகுத்த கம்போஸ்டு முறை எளியது. இலைதழைகளைப் பரப்பி, மேலே சாணமும் சிறிது மண்ணும் இட்டு, அடுக்கடுக்காக உயர்த்த வேண்டும். ஈரம் மிகுந்தால் வைக்கோல் சேர்க்கலாம். குவியலில் எழும் வெப்பம் களை விதைகளையும் நோய்க் கிருமிகளையும் அழிக்கும். இடையிடையே புரட்டிவிட்டால் ஏறத்தாழ 3 மாதத்தில் எரு ஆயத்தமாகும்.

ஒன்றை மட்டும் மறவாதீர்கள். பிளாஸ்டிக் பூசிய காகிதக் குவளைகள் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டவை. வெறும் காகிதமென்று கருதி அவற்றைக் குழியிலிட்டால், காகிதம் மக்கினாலும் பூச்சு துணுக்குகளாகி வயலிலேயே தங்கிவிடும். பின்னர்ப் பொறுக்கியெடுத்தல் இயலாது. ஆகவே, குப்பையைப் பிரிக்க வேண்டிய இடம் வயலன்று, பந்தலே. பந்தியருகே இரண்டு கூடைகளும், பார்த்துக்கொள்ள ஓர் ஆளும் வேண்டும்.

பந்தற்கால் நடுவதற்கு முன்பே எருக்குழியை வெட்டுங்கள். எவர் வயலுக்கு எரு போகும் என்பதையும் அன்றே பஞ்சாயத்தில் முடிவு செய்யுங்கள்.