மட்டம் போடும் பிள்ளைகளும் ஆற்றுப்படுத்தும் பணியும்

(பொன்விழா ஆண்டில் நடைபெற்ற பெற்றோர் - ஆசிரியர் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



பொன்விழாவை முன்னிட்டுக் கோவில் கோபுரத்துக்கு வண்ணம் பூசினோம். மணிக்கூண்டைப் பழுது பார்த்தோம். இனி நம் பிள்ளைகளைப் பற்றியும் ஒரு மாலைப் பொழுது பேச வேண்டும் என்று பேரவை கேட்டுக்கொண்டது. நாம் இன்று பேசப் போவது ஆண்டு விழா மேடையில் பரிசு வாங்கும் பிள்ளைகளைப் பற்றி அல்ல. காலையில் புத்தகப் பையை மாட்டிக்கொண்டு புறப்பட்டு, மாலையில் மணி தவறாமல் வீடு திரும்பி, இடைப்பட்ட நேரத்தில் பள்ளிக்கூட வாசலையே மிதியாத பிள்ளைகளைப் பற்றி. மட்டம் போடுவது என்று நாம் சிரித்துக்கொண்டே சொல்லும் அந்தக் காரியத்தைப் பற்றி.

சிரிக்கத்தக்க காரியமா அது? 2023-ஆம் ஆண்டு மார்ச் 13-ஆம் நாள் தமிழ்நாட்டில் ப்ளஸ் டூ பொதுத் தேர்வு தொடங்கியது. முதல் நாள் மொழிப்பாடத் தேர்வு. பதிவு செய்திருந்த ஏறத்தாழ எட்டரை லட்சம் பேரில் 50 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் தேர்வுக் கூடத்துக்கே வரவில்லை. நாடெங்கும் அது பெரிய செய்தியாயிற்று. ஆனால் அந்தப் பிள்ளைகள் அன்று காலையில் திடீரென்று காணாமற் போனவர்களா? இல்லை. 2020 மார்ச்சில் கொரோனா நோயால் பள்ளிகள் மூடப்பட்டபோது ஒன்பதாம் வகுப்பில் இருந்த தலைமுறை அது. 2021-இல் பத்தாம் வகுப்பைத் தேர்வு எழுதாமலேயே கடந்து வந்தவர்கள். அவர்களில் பலருடைய பெயர் பதிவேட்டில் இருந்தது, ஆள் எப்போதோ வேலைக்குப் போய்விட்டிருந்தான். இன்று ஒரு நாள், அடுத்த வாரம் இரண்டு நாள், பிறகு ஒரு மாதம் என்று நீண்டுகொண்டே போனதன் கடைசிக் கணக்குத்தான் அந்த 50 ஆயிரம். முதல் இரண்டு நாளில் யாராவது வீட்டுக் கதவைத் தட்டியிருந்தால் அவர்களில் எத்தனை பேரோ மீண்டிருப்பார்கள்.

இலவசக் கட்டாயக் கல்விக்கான 2009-ஆம் ஆண்டுச் சட்டம் 6 வயது முதல் 14 வயது வரைதான் பேசுகிறது. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016-இல் திருத்தப்பட்ட பிறகும், 14 வயது நிறைந்தவர்களை ஆபத்தான தொழில்களிலிருந்து மட்டுமே தடுக்கிறது. ஆகவே நமது ஒன்பதாம் வகுப்புப் பையனைப் பள்ளியில் நிறுத்தி வைக்கச் சட்டத்தின் கை அவ்வளவாக எட்டுவதில்லை. அவனை நிறுத்தி வைக்க வேண்டியவர்கள் நாம்தாம்.

எப்படி நிறுத்துவது? நம் ஊரில் வழக்கமாகக் கைக்கொள்ளும் வழி நம் எல்லோருக்கும் தெரியும். அப்பா பெல்ட்டை உருவுவார். அம்மா அழுவார், பிறகு சாமியாரிடம் இழுத்து வந்து, "சாமி, நீங்க ரெண்டு போடுங்க" என்பார். பள்ளியில் தாயையோ தகப்பனையோ கூட்டி வரச் சொல்வார்கள். பிள்ளைகளை அடிப்பதை அந்த 2009-ஆம் ஆண்டுச் சட்டமே தனது 17-ஆம் பிரிவில் தடை செய்திருக்கிறது என்பது ஒருபுறமிருக்க, அடியால் பள்ளிக்குத் திரும்பிய பையன் பத்து நாள் இருக்கிறான், பதினோராம் நாள் இன்னும் தந்திரமாக மட்டம் போடுகிறான். நோய் என்னவென்று பாராமல் மருந்து கொடுத்தால் வேறென்ன ஆகும்?

கடந்த இரண்டு ஆண்டுகளாக நமது பங்கில் அருட்சகோதரிகள் இருவரும், ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரும், நாமும் சேர்ந்து இத்தகைய பிள்ளைகளின் வீடுகளுக்குப் போய் வருகிறோம். கண்டவற்றில் சிலவற்றைச் சொல்கிறோம். ஆள் யாரென்று தெரியாதபடி விவரங்களை மாற்றியே சொல்கிறோம், ஆகவே பக்கத்து வீட்டுப் பிள்ளையோ என்று யாரும் ஊகிக்க வேண்டாம்.

ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் வாரத்தில் மூன்று நாள் படகுத்துறையில் இருந்தான். காசு ஆசை என்று எல்லோரும் சொன்னார்கள். அவனோடு நாலைந்து முறை உட்கார்ந்து பேசிய பிறகுதான் தெரிந்தது, அவனால் ஒரு பத்தியைத் தடையின்றி வாசிக்க முடியவில்லை. வகுப்பில் ஒவ்வொருவராக எழுந்து பாடம் வாசிக்கும் நாட்கள் எவை என்று அவன் கணக்கு வைத்திருந்தான். அந்த நாட்களில்தான் அவனுக்குக் கடற்கரை. ஒன்பது ஆண்டுகளாக அதை யாருக்கும் தெரியாமல் மறைத்து வந்திருக்கிறான், அதற்கு எவ்வளவு புத்திக்கூர்மை வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்! அவனை அடித்தால் வாசிப்பு வருமா? மாலையில் ஒரு மணி நேரம், மற்றப் பிள்ளைகள் பாராத இடத்தில், அந்த ஓய்வு பெற்ற ஆசிரியர் அவனுக்கு முதலிலிருந்து எழுத்துக் கூட்டச் சொல்லிக் கொடுத்தார். இன்றும் அவன் அவ்வப்போது மட்டம் போடத்தான் செய்கிறான், ஆனால் மாதத்துக்கு ஒரு நாளோ இரண்டு நாளோதான்.

எட்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி. இவள் மறைந்து திரியவில்லை, வீட்டிலேயே இருந்தாள். திங்கட்கிழமை விடிந்தால் வயிற்றுவலி, வாந்தி. பத்து மணிக்கு மேல் எல்லாம் சரியாகிவிடும். நாடகம் ஆடுகிறாள் என்றார் தகப்பன். வலி பொய்யல்ல, அச்சம் வயிற்றில் வந்து நிற்பது உண்மையாகவே உண்டு. பெற்றோருக்குத் தெரியாமல் ஊர் சுற்றுவது ஒன்று, பெற்றோர் அறிய அஞ்சி வீட்டில் ஒடுங்குவது இன்னொன்று. உளவியலார் இவ்விரண்டையும் பிரித்தே பார்க்கிறார்கள், ஏனெனில் மருந்து வேறு. இந்தச் சிறுமியின் அச்சம் பள்ளிக்கூடத்தில் இல்லை, போகும் பேருந்தில் இருந்தது. நம் ஊர்ப் பையன்களே அங்கே அவளைச் சீண்டியிருக்கிறார்கள். தகப்பனிடம் சொன்னால் தன் படிப்பையே நிறுத்திவிடுவார் என்று அஞ்சி அவள் வாய் திறக்கவில்லை. அந்தக் கணக்கு தவறு என்று நம்மால் அவளிடம் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் நம் வீடுகளில் அப்படித்தான் நடக்கிறது.

இன்னும் சிலர் கூலிக்காகவே போகிறார்கள், அதையும் மறுப்பதற்கில்லை. நமது கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் மீண்டும் கடலுக்குப் போகிற ஜூன் மாதத்திலேயே பள்ளிக்கூடமும் திறக்கிறது. இரண்டு மாதம் வருமானமில்லாமல் கடன் ஏறிய வீட்டில், மீன் தரம் பிரிக்கவும் ஐஸ் உடைக்கவும் போகும் பையன் இரவில் நோட்டை அம்மாவின் கையில் வைக்கும்போது, எந்தத் தாய் அதைத் திருப்பிக் கொடுப்பாள்? இப்படிப்பட்ட வீட்டில் பையனை ஆற்றுப்படுத்துவதைவிட வட்டிக் கணக்கை முதலில் பார்க்க வேண்டும். (நமது திருவிழாவின் பத்து நாளும் வருகைப் பதிவேடு மெலிந்து போவதைத் தலைமையாசிரியர் சொல்லிச் சிரிக்கிறார். அதற்கு ஆற்றுப்படுத்துநர் தேவையில்லை, இரவு பத்து மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்தினாலே போதும்.)

ஆற்றுப்படுத்துதல் என்னும் சொல்லை நாம் இப்போது அதிகமாகக் கேட்கிறோம். பலர் அதை அறிவுரை சொல்வது என்று நினைத்துக்கொள்கிறார்கள். அறிவுரைக்கு நம் ஊரில் என்றைக்குப் பஞ்சம் வந்தது? ஆறு என்றால் வழி. சங்க காலத்து ஆற்றுப்படை நூல்களில் வறுமையில் வாடும் பாணனுக்கு வழி சொல்பவன், அதே வறுமையில் அதே வழியை நடந்து சென்று வள்ளலிடம் பரிசு பெற்றுத் திரும்புகிற இன்னொரு கலைஞன். உயர்ந்த இடத்தில் நின்று ஏவுகிறவன் அல்லன். எதிரே வருகிறவனைக் கண்டு, அவன் நிலையைத் தன் பழைய நிலையாக அறிந்து பேசுகிறவன். இந்தப் பணிக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது.

இக்காலத்தில் இக்கலையை வளர்த்தவர்களுள் முதன்மையானவர் அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ். இளமையில் இறையியல் பயிலச் சென்று, பிறகு உளவியலுக்கு மாறியவர். ரோச்செஸ்டர் நகரில் 12 ஆண்டுகள் சிறுவர்களிடையே பணியாற்றினார். அங்கே நடந்த ஒன்றை அவரே எழுதியிருக்கிறார். அடங்காப் பிள்ளை ஒருவனின் தாயிடம், அவனுடைய தொல்லைகளுக்குக் காரணம் அவன் சிறுவயதில் அவள் காட்டிய வெறுப்புத்தான் என்று பல அமர்வுகளில் அவர் பக்குவமாக விளக்கிப் பார்த்தார். ஒன்றும் பலிக்கவில்லை. இனி நிறுத்திக்கொள்வோம் என்று சொல்ல, அந்தத் தாய் எழுந்து கதவு வரை போனாள். அங்கிருந்து திரும்பி, பெரியவர்களுக்கும் இங்கே ஆலோசனை உண்டா என்று கேட்டாள். உண்டு என்றதும் மறுபடியும் வந்து உட்கார்ந்து தன் மணவாழ்க்கையின் துயரமெல்லாம் கொட்டினாள். ரோஜர்ஸ் விளக்குவதை விட்டுவிட்டுக் கேட்கத் தொடங்கினார். காலப்போக்கில் பிள்ளையும் மாறினான். எங்கே வலிக்கிறது என்பது வலிக்கிறவருக்குத்தான் தெரியும் என்னும் முடிவுக்கு அவரை இட்டுச் சென்ற அனுபவங்களுள் இதுவும் ஒன்று. நாங்கள் சென்ற வீடுகளிலும் இதைக் காண்கிறோம். பிள்ளையைப் பற்றிப் பேசப் போவோம், அரை மணி நேரத்தில் தாயின் கண்ணீர் வேறொரு கதையைச் சொல்லும்.

கேட்பது எளிதா? "ஏன் பள்ளிக்கூடம் போகவில்லை?" என்று தொடங்கினால் பொய்தான் பதிலாக வரும், ஏனென்றால் அது கேள்வியல்ல, குற்றச்சாட்டு. "நேற்றுப் பகலெல்லாம் எங்கே இருந்தாய் தம்பி? சாப்பிட்டாயா? கூட யார் இருந்தார்கள்?" என்று கேட்டுப் பாருங்கள், பையன் கதையே சொல்வான். 1841-ஆம் ஆண்டு டிசம்பர் 8-ஆம் நாள் தூரின் நகரத்து ஆலயத்தில், கோவில் ஊழியர் அடித்து விரட்டிய ஏழைப் பையனைப் புனித தொன் போஸ்கோ திரும்ப அழைத்து வரச் சொன்ன நிகழ்ச்சி நமக்குத் தெரிந்ததே. வாசிக்கத் தெரியுமா, எழுதத் தெரியுமா, பாடத் தெரியுமா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை என்றான். சீட்டியடிக்கத் தெரியுமா என்று கேட்டார். பையன் சிரித்துவிட்டான். தெரியாததையே கேட்டுக் கேட்டுக் கூசிப்போன பிள்ளையிடம் தெரிந்ததைக் கேட்டதும் வாய் திறந்தது. மட்டம் போடும் நம் பையனுக்குக் காற்றின் போக்குத் தெரியும், வலையின் கண்ணளவு தெரியும், ஐம்பது வகை மீனின் பெயர் தெரியும். இதைப் பற்றி நம்மில் யாராவது அவனிடம் கேட்டதுண்டா?

பிள்ளை சொன்னதை ஊருக்குச் சொல்லக்கூடாது. தகப்பனுக்கும் அவன் அனுமதியோடுதான். ஆனால் பாலியல் கொடுமை என்று தெரிந்தால் இரகசியம் என்ற பேச்சுக்கே இடமில்லை. 2012-ஆம் ஆண்டுப் போக்சோ சட்டப்படி காவல் துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். 1098 என்னும் சிறுவர் உதவி எண்ணை ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் எழுதி வைக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம். இதுவே இன்று நாம் சொல்ல வந்தவற்றில் முக்கியமானது. பிள்ளை பள்ளிக்குத் திரும்பும் முதல் நாள் மிகவும் இளகிய நாள். இரண்டு வாரம் பேசிப் பேசி ஒருவனை வகுப்பு வாசல் வரை கொண்டுவந்து விடுகிறோம். "வாங்க துரை, இப்போதுதான் வழி தெரிந்ததா?" என்று ஒரு வார்த்தை. வகுப்பு முழுதும் சிரிக்கிறது. முதல் பாடவேளை முழுதும் வெளியே நிற்கிறான். மறுநாள் அவன் எங்கே இருப்பான் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை. ஒருவர் வாசலில் நின்று பேர் சொல்லிக் கூப்பிட்டு அவனுடைய இடத்தில் உட்கார வைக்கட்டும், விட்டுப்போன பாடத்தின் நோட்டைக் கொடுக்க ஒரு மாணவனை ஏற்பாடு செய்யட்டும். தண்டனை தேவை என்று கருதினால் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளட்டும்.

படகு உரிமையாளர்களே, ஐஸ் கம்பெனிக்காரர்களே, நீங்களும் இந்தக் கோவிலில்தான் முழந்தாளிடுகிறீர்கள். பள்ளி நாளில் பகல் பதினோரு மணிக்கு ஒரு பதினைந்து வயதுப் பையன் உங்கள் வாசலில் கூலி கேட்டு நின்றால், அது பள்ளிக்கூட நேரம் என்பது உங்களுக்குத் தெரியாதா? "நான் வேண்டாமென்றால் அடுத்தவர் கொடுப்பார்" என்கிறீர்கள். ஆகவேதான் தனித்தனியாகக் கேளாமல், எல்லோரும் கூடியிருக்கும் இந்தச் சபையில் கேட்கிறோம். தடைக்காலக் கடனில் தவிக்கும் குடும்பங்களுக்கு வட்டியில்லாமல் முன்பணம் கொடுக்க, பொன்விழா நிதியில் மிஞ்சியதை வைத்து ஒரு சிறு தொகை ஒதுக்கப் பேரவை இசைந்திருக்கிறது. அதில் உங்கள் பங்கும் சேர வேண்டும்.

பங்குமனையின் கீழறை, சனிக்கிழமை மாலை நான்கு மணி முதல் ஆறு மணி வரை பிள்ளைகளுக்காகத் திறந்திருக்கும். சகோதரிகளில் ஒருவரும் அந்த ஆசிரியரும் அங்கே இருப்பார்கள். பையனை இழுத்துக்கொண்டு வர வேண்டாம். முதல் முறை நீங்கள் மட்டும் வாருங்கள். தொடர்ந்து இரண்டு நாள் ஒரு பிள்ளை வராவிட்டால் மூன்றாம் நாள் காலை எங்களுக்குத் தகவல் தருவதாகத் தலைமையாசிரியர் ஒப்புக்கொண்டிருக்கிறார். அன்று மாலையே உங்கள் வீட்டுக்கு யாராவது வருவோம். காப்பி போட வேண்டாம், பாய் விரித்தால் போதும்.