செறிபொருளும் செந்தமிழும்



1928ஆம் ஆண்டின் பிற்பகுதியில், செருமானிய இயற்பியல் அறிஞர் ஆர்னால்டு சோமர்பெல்டு சென்னைக்கு வந்தார். கடற்கரையை நோக்கி நிற்கும் மாநிலக் கல்லூரியில் உரையாற்றினார். மறுநாள், அவர் தங்கியிருந்த விடுதியைத் தேடி மாணவர் ஒருவர் சென்றார். பெயர் சந்திரசேகர், அகவை ஏறத்தாழப் பதினெட்டு, வீடு மயிலாப்பூரில். சோமர்பெல்டின் அணுநூலை ஆங்கிலப் பெயர்ப்பில் கற்றுத் தேர்ந்தவர். அந்நூலின் கருத்துகள் பழையனவாகிவிட்டன என்பதை நூலாசிரியரே அவருக்கு எடுத்துரைத்தார். மாழைகளில் (உலோகங்களில்) எதிர்மின்னிகள் இயங்கும் முறை குறித்துத் தாம் எழுதிய கட்டுரையின் அச்சுப்படியையும் அளித்தார்.

அக்கட்டுரையின் கருத்தே இன்று முதுநிலை வகுப்பில் செறிபொருள் இயற்பியலின் தொடக்கப் பாடமாக விளங்குகிறது. அணுக்கள் நெருங்கிச் செறிந்த திண்மம், நீர்மம் ஆகியவற்றின் இயல்பை ஆராயும் துறை அது. செம்பு ஏன் மின்னைக் கடத்துகிறது, கண்ணாடி ஏன் கடத்துவதில்லை, சிலிக்கன் ஏன் இரண்டிற்கும் இடையே நிற்கிறது என்பன அதன் வினாக்கள்.

இத்துறையைத் தமிழில் சொல்ல முடியுமா என்று ஐயுறுவோர் உளர். அவர்கள் மயிலைக் கபாலீச்சரத்துத் திருக்குளத்திற்கு வரட்டும்! தெப்பத் திருவிழா நாளில் குளத்துப் படிகளில் மக்கள் அமர்வதாகக் கொள்க. நீரை ஒட்டிய கீழ்ப்படி முதலில் நிறைகிறது. அடுத்து அதற்கு மேற்படி. இவ்வாறே பாதிப் படிகள் நிறைந்துவிட்டன. ஓரிடத்தில் ஒருவரே அமரலாம். இப்போது எல்லாரையும் ஒரு படி மேலே செல்லுமாறு மெல்லத் தூண்டினால் என்ன நிகழும்? கீழே இருப்பவரால் அசைய இயலாது. அவருக்கு மேலுள்ள இடமெல்லாம் நிறைந்துள்ளது. விளிம்பில் இருக்கும் சிலரே வெற்றுப் படிக்கு ஏறுவர்.

மாழையினுள் எதிர்மின்னிகளின் நிலையும் இதுவே. ஒரு நிலையில் ஒன்றே இருக்கலாம் என்பது பௌலி 1925இல் கண்ட நெறி. கட்டின்றித் திரியும் எதிர்மின்னிகள் அனைத்தும் வெப்பத்தில் பங்கு பெறும் என்பது பழைய கணக்கு. அளந்து பார்த்தால் அப்பங்கு காணப்படவில்லை. விளிம்பில் உள்ளவையே வெப்பத்தை ஏற்கும் என்று காட்டிச் சோமர்பெல்டு அப்புதிரை விடுவித்தார். அதே நெறியை விண்மீனுக்குப் பொருத்திய மயிலை மாணவர், குளிர்ந்தொடுங்கும் வெண்குறுமீனின் பொருண்மைக்கு ஓர் எல்லை உண்டென்று கண்டார். அவ்வெல்லை ஞாயிற்றின் பொருண்மையைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கு. 1983இல் நோபல் பரிசு அவரை அடைந்தது.

இங்கே ஒன்றை எண்ணுக. சோமர்பெல்டு தம் தாய்மொழியில் எழுதினார். ஆங்கிலேயர் அதைத் தம் மொழிக்குப் பெயர்த்துக்கொண்டனர். செருமானியத்தில் எழுதினால் உலகம் மதிக்காது என்று அவர் அஞ்சவில்லை; செருமானியத்தையே கற்போம் என்று ஆங்கிலேயர் வாளாவிருக்கவும் இல்லை. தமிழர் மட்டும் ஏன் இன்னும் பிறர் வாயிலில் காத்து நிற்க வேண்டும்?

அறிவாற்றல் குறைவோ? 1962இல் தோன்றி, இன்று அடையாற்றை அடுத்த தரமணியில் இயங்கும் கணித அறிவியல் நிறுவனத்தில் பல்லாண்டு பணியாற்றியவர் கணபதி பாசுகரன். உயர்வெப்ப மீக்கடத்தல் பற்றி 1987இல் ஆண்டர்சனோடு இணைந்து அவர் வழங்கிய கோட்பாட்டை உலகம் அறியும்.

சொல்வளம் குறைவோ? 1911இல் இதளை (பாதரசத்தை) உறைநிலைக்குக் கீழ் 269 செல்சியசு அளவுக்குக் குளிர்வித்தபோது அதன் மின்தடை முற்றும் மறைந்தது. அத்தகு பொருளை ‘மீக்கடத்தி’ என்கிறோம். ‘மீ’ என்றால் மேல், மிகுதி. சொல்லைக் கேட்ட அளவிலேயே பொருள் விளங்குகிறது. குறைகடத்தி, ஆற்றற்பட்டை, அணிக்கோவை ஆகிய சொற்களும் அத்தகையனவே. 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாகக் கலைக்களஞ்சியம் கண்ட மொழி இது!

குறை ஏற்பாட்டில் உள்ளது. பன்னிரண்டாம் வகுப்பு வரை குறைகடத்தியைத் தமிழில் கற்ற சிற்றூர் மாணவன், கிண்டிக்கோ அடையாற்றுக்கோ முதுநிலை பயில வருகிறான். இயற்பியலோடு போராட வேண்டிய அறிவு, சொற்றொடரோடு போராடிக் களைக்கிறது. பொறியியலுக்கான அனைத்திந்திய முதன்மை நுழைவுத் தேர்வைத் தமிழிலும் எழுத 2021 முதல் வழி பிறந்துள்ளது. ஆனால், தொழில்நுட்பக் கழகங்களில் முதுநிலை அறிவியல் பயில்வதற்கான நுழைவுத்தேர்வு ஆங்கிலத்தில் மட்டுமே நடைபெறுகிறது. ஒன்றுக்கு இயன்றது மற்றொன்றுக்கு இயலாதா?

ஆங்கிலத்தை வெறுக்க வேண்டுவதில்லை. ஆய்விதழ்களைப் படிக்க அது வேண்டும். ஆனால், கருத்து முளைவிடும் இடம் தாய்மொழியே ஆதல் வேண்டும். எனவே அந்நுழைவுத் தேர்வின் வினாத்தாள் தமிழிலும் வேண்டும் எனக் குரல் எழுப்புக! பேராசிரியர்களே, முதுநிலைச் செறிபொருள் நூலைத் தமிழில் ஆக்குக! மாணவர்களே, கேட்ட பாடத்தை அன்றிரவே ஒரு பக்கம் தமிழில் எழுதிப் பழகுக! எழுத இயலாத இடமே இன்னும் விளங்காத இடம் என்று அறிக.

கீழ்ப்படியில் அடைபட்டவன் மேலே இடம் ஒழிந்தால்தான் ஏற முடியும். தமிழ் மாணவனுக்கு அந்த இடத்தை ஒழித்துக் கொடுப்பது தமிழர் அனைவரின் கடன்.

வெல்க தமிழ்!