வார்னிங்கின் வாயை அடைப்பது எப்படி?

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பத்து நிமிஷம்தான் கொடுத்திருக்கிறார்கள். அதனால் ஒரே ஒரு விஷயம் பேசுகிறேன். சி மொழியில் எழுதினால் கம்பைலர் 'வார்னிங்' கொடுக்கும். லேப் பரீட்சையில் அதை யார் பார்க்கிறோம்? ரிசல்ட் வந்தால் சரி! ஆனால் ஆப்பரேட்டிங் சிஸ்டம் என்பது பல இயந்திரங்களில், பல கம்பைலர்களில் ஓட வேண்டிய சமாச்சாரம். அங்கே கதை வேறு.

1978 வாக்கில் பெல் லேப்ஸில் யுனிக்ஸை ஒரு 32 பிட் இயந்திரத்துக்கு மாற்றினார்கள். அந்தச் சமயத்தில் ஸ்டீபன் ஜான்சன் எழுதியதுதான் 'லிண்ட்'. புரோகிராமை ஓட்டாமலே படித்துக் குறை சொல்லும். ரொம்பவே சொல்லும்! அதனால் அதை அடக்கவும் வழி இருந்தது. 'நாட் ரீச்ட்', அதாவது ஓட்டம் இந்த வரிக்கு வராது என்று ஒரு கமெண்ட் போட்டால் லிண்ட் பேசாது. இது நல்ல வழி என்பேன். ஏனென்றால் அந்தக் கமெண்ட் ஒரு உண்மையைச் சொல்கிறது. பின்னால் படிக்கிறவனுக்கும் உதவுகிறது.

இன்னொரு வழி இருக்கிறது. லினக்ஸ் கெர்னலில் நடந்தது. 'மதிப்பு கொடுக்காமலே இந்த மாறியை உபயோகிக்கிறாய் போலிருக்கே' என்று ஜிசிசி கம்பைலர் சந்தேகப்படும். பல இடங்களில் வீண் சந்தேகம்தான். அதற்கு ஒரு மேக்ரோ எழுதினார்கள். அது செய்வது என்ன? மாறியை அதற்கே சமம் என்று போடும். எக்ஸ் சமம் எக்ஸ். அவ்வளவுதான், கம்பைலர் கப்சிப்! கெட்டிக்காரத்தனம்தான்.

ஆனால் ஐந்து வருஷம் கழித்து வேறொருவர் வந்து நடுவில் ஒரு 'இஃப்' சேர்க்கிறார் என்று வையுங்கள். இப்போது நிஜமாகவே மதிப்பு இல்லாமல் போகிற பாதை ஒன்று உண்டாகிவிட்டது. கம்பைலர் சொல்லுமா? சொல்லாது. அதன் வாயைத்தான் முன்னாலேயே அடைத்தாச்சே! நிஜமான பிழைகளை மறைக்கிறது என்றுதான் 2020ல் அந்த மேக்ரோவையே நீக்கினார்கள்.

'அப்போ பூஜ்யம் போட்டுவிடலாமே சார்' என்று தம்பிகள் கேட்பீர்கள். பூஜ்யம் அங்கே சரியான மதிப்பா என்று பார்த்தால் போடுங்கள். பார்க்காமல் போட்டால் அதுவும் வாயடைப்புதான். குப்பை மதிப்புக்குப் பதில் தப்பான மதிப்பு, வேறொன்றுமில்லை.

சுவாரஸ்யம் என்னவென்றால், அதே 2020ல் 'மதிப்பு இல்லாமல் இருக்கலாம்' என்கிற அந்த ஊக வார்னிங்கையே கெர்னலில் சாதாரண பில்டுக்கு நிறுத்திவிட்டார்கள். வீண் புகார் அதிகம் என்பதுதான் காரணம். வேண்டுமென்கிறவர் ஒரு ஆப்ஷன் கொடுத்து மறுபடி கேட்டுக்கொள்ளலாம். மேக்ரோ போட்ட இடத்தில் அந்த வசதியே கிடையாது.