சியாங் மாயில் முதல் மூன்று நாட்கள்



கிறிஸ்தவ ஊழியத்துக்காக வெளிநாடு சென்ற மாணவர் குழு ஒன்றுக்குத் துணையாசிரியனாக, வடதாய்லாந்தில் சியாங் மாய் நகருக்கு அருகேயுள்ள சிற்றூர் ஒன்றில் மூன்று வாரம் தங்கியிருந்தேன். பள்ளிச் சுவர்களுக்கு வண்ணம் பூசுவதும், சிறுவர்களுக்குப் பாட்டும் விளையாட்டும் கற்பிப்பதும் எங்கள் பணி. அப்பணி தொடங்குமுன் கழிந்த மூன்று நாட்களைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

போய்ச் சேர்ந்த அன்றே எங்கள் மாணவர்கள் வாளியையும் தூரிகையையும் தேடினர். எங்களை ஏற்றுக்கொண்ட சபையின் போதகரோ, "மூன்று நாள் வேலை ஒன்றும் வேண்டா, வீடுவீடாகச் சென்று வணக்கம் சொல்லி வாருங்கள்" என்றார். 21 நாளில் மூன்றை இப்படிக் கழிப்பதா என்று ஒரு மாணவர் கேட்டேவிட்டார்.

போதகர் சினங்கொள்ளவில்லை. டேனியல் மெக்கில்வரியின் வரலாற்றைச் சொன்னார். அந்த அமெரிக்கர் 1867 ஏப்ரலில் குடும்பத்துடன் சியாங் மாய் வந்தார். தங்குவதற்கு வழிப்போக்கர் சாவடி ஒன்றே கிடைத்தது. அங்கிருந்தபடியே காய்ச்சலுக்குக் குவினைன் கொடுத்தார். வருவோர் போவோருடன் பேசினார். 1868 ஆகஸ்டு 18ஆம் நாள் சூரிய கிரகணம் நிகழும் என்று ஒரு வாரம் முன்னரே அறிவித்தார். நம் குண்டூரில் வானநூலார் கருவிகளுடன் காத்திருந்த அதே கிரகணந்தான் அது! சொன்னபடி நிகழக் கண்டு மனம் மாறிய நன் இந்தா என்பவர், 1869 சனவரியில் திருமுழுக்குப் பெற்றார். அவரே முதல்வர். அதே ஆண்டு செப்டம்பரில் கிறிஸ்தவர் இருவர் அரசன் ஆணையால் கொல்லப்பட்டனர். சமய உரிமை அறிக்கை வெளிவந்தது 1878இல். இன்றும் அந்நாட்டில் கிறிஸ்தவர் நூற்றுக்கு ஏறக்குறைய ஒருவரே.

மூன்று நாளை மிகுதி என்ற மாணவர் பிறகு வாய் திறக்கவில்லை.

கைகூப்புதல் நமக்குப் புதிதன்று. ஆனால் அங்கே இளையவர் முதலில் கூப்பவேண்டும். பெரியவர் முன் கை சற்று உயரவேண்டும். காலை யார் பக்கமும் நீட்டலாகாது. தலை உயர்வானது; அதைத் தொடலாகாது. குழந்தையைக் கண்டவுடன் தலையைத் தடவும் நம்மவர்க்கு இது எளிதா? நான் கையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

உணவு, மூங்கிற் கூடையில் வைத்த ஒட்டரிசிச் சோறு. விரலால் கிள்ளி, உருட்டி, மிளகாய்த் துவையலில் தோய்த்து உண்ணவேண்டும். நம் பிள்ளைகளோ ஊற்றிப் பிசையக் குழம்பைத் தேடினர்.

மொழிதான் பெருஞ்சோதனை. 'நக்கோன்' நம் நகரம், 'ஆஹான்' நம் ஆகாரம் என்று மகிழ்ந்தோம். ஆனால் தாய் மொழிக்கு ஐந்து தொனிகள் உண்டு. 'கிளை' என்பதைச் சமக்குரலில் சொன்னால் தொலைவு. மேலிருந்து தாழ்த்திச் சொன்னால் அருகு. வழி கேட்ட எங்கள் மாணவர் இருவர் தொலைவை அருகு என்று கொண்டு, நண்பகல் வெயிலில் நெடுந்தூரம் நடந்தனர்.

சில வாரமே தங்குவோர்க்கு இத்தகைய நாட்கள் இன்னும் மிகுதியாகத் தேவை என்பேன்.

மூன்றாம் நாள் மாலை ஒரு மூதாட்டி எங்களை அமரச்செய்தார். முன்பு வந்த ஒரு குழுவினர் நன்றாக உழைத்தனர் என்றும், அவர்களுள் ஒருவர் பெயரும் தமக்குத் தெரியாது என்றும் கூறினார். பிறகு எங்கள் மாணவியரின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தார். ழகரம் வந்த பெயரில் மட்டும் நா தயங்கிற்று. மறுநாள் காலையில் நாங்கள் சுவரைத் தேய்க்கத் தொடங்கியபோது, அவர் பள்ளி வாயிலில் நின்று அந்த ஒரு பெயரையே மீண்டும் மீண்டும் கூப்பிட்டுப் பழகிக்கொண்டிருந்தார்.